செயின் பிடித்த சிறுவர்கள்: நில அளவைப் படிப்பு பிறந்த கதை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போனால் கோமுகி அணை. அதைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து மலையேறத் தொடங்கும். மேலே வெள்ளிமலை, கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம். அணைக்குக் கீழே இருக்கும் நெல் வயலுக்கும் கரும்புக் கொல்லைக்கும் சர்வே நம்பர் உண்டு, புலப்படம் உண்டு, பட்டா உண்டு. வரப்புத் தகராறு வந்தால் தாலுகா ஆபீசில் மனு கொடுத்து, பணம் கட்டி, சர்வேயரை அழைத்துவந்து கல் நடலாம். தாத்தா, பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான் நடக்கிறது.

அணைக்கு மேலே கதை வேறு. சாமையும் மரவள்ளியும் விளையும் அந்தச் சரிவுகள் 1976 வரை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார் வம்சங்களின் கையில் இருந்தன. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்று வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். நெருக்கடி நிலைக் காலமான 1976-ல்தான் அரசு அந்த ஜாகிர்களை எடுத்துக்கொண்டது. உழுகிறவன் பேரில் அரசு புலம் புலமாக அளந்து ஏடு எழுத அதற்குப் பிறகே வழி பிறந்தது.

ஐரோப்பிய முறை நில அளவையைப் பள்ளி வைத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதே தமிழ்நாட்டில், சென்னையில், 1794-ல். அந்தப் பள்ளி பிறந்ததற்கும் இந்த மலைக்கு அளவைக்கான வழி பிறந்ததற்கும் நடுவே 182 ஆண்டுகள். இன்று சிவில், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் வகுப்புகளில் நில அளவையின் முதல் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் படிப்பு எப்படிப் பிறந்தது என்பதோடு இந்த 182 ஆண்டு இடைவெளியையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். பாராமகாலும் சேலம் பக்கமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. கல்வராயன் மலைக்கு மேற்கே ஆத்தூர்ப் பக்கம் இறங்கினால் அந்தச் சீமைதான். புதிதாக வந்த நிலத்துக்கு வரி போட வேண்டும். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, உழவனிடமே நேராக வரி வாங்கும் முறையை அங்கே தொடங்கினார்கள். பின்னாளில் தென்னகம் முழுக்கப் பரவிய ரயத்துவாரிக்கு அதுதான் விதை.

அளக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இல்லாமல் இல்லை. ராஜராஜ சோழன் காலத்திலேயே நாடு முழுவதையும் அளந்திருக்கிறார்கள். அளவுகோலின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டி வைத்து, சந்தேகம் வந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஊர்க் கணக்கர் கோலைப் போட்டுக் குழியும் மாவும் சொல்வார். ஆனால் கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும். ஓர் ஊரின் குழியைப் பக்கத்து ஊர்க் குழியோடு கூட்டிப் பார்க்க முடியாது. கம்பெனிக்கோ எல்லா ஊருக்கும் ஒரே அளவு வேண்டும், அளந்ததைத் தாளில் படமாகவும் வரைய வேண்டும். அந்த வேலை தெரிந்த ஐரோப்பிய அதிகாரிகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளமும் அதிகம்.

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் மைக்கேல் டாப்பிங். கம்பெனியின் வானியலாளர், கடற்கரையை அளந்தவர். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வான்காணகம் அவருடைய முயற்சி. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளோடு, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. சென்னையில் இருக்கிற பொறியியல் மாணவர்கள் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டிய தூண் அது. சீமையிலிருந்து ஆள் வரவழைப்பதை விட இங்கேயே சிறுவர்களைப் பிடித்துப் பழக்கினால் என்ன என்று டாப்பிங் கேட்டார். 1794 மே 17 அன்று பள்ளி தொடங்கியது. மாணவர்கள் எட்டுப் பேர்.

அந்தச் சிறுவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது இந்தக் கதையில் என்னை மிகவும் தொடும் இடம். எழும்பூரில் 1789-ல் தொடங்கிய ஆண்கள் அநாதை இல்லத்துப் பிள்ளைகள் அவர்கள். தகப்பன் ஐரோப்பியச் சிப்பாய், தாய் இந்த மண்ணைச் சேர்ந்தவள். போரிலோ காய்ச்சலிலோ தகப்பன் போய்விட, இரண்டு பக்கத்துச் சொந்தமும் அணைக்காமல் விட்ட பிள்ளைகள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத பிள்ளைகளைக் கொண்டுதான் கம்பெனி ஊர் நிலத்தையெல்லாம் அளக்கத் துணிந்தது.

அந்த இல்லத்தை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதை அவர் பார்த்தார். அதையே தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஆக, தமிழ்த் திண்ணையின் மணலில் எழுதிப் பழகிய கைகள்தான் அடுத்தபடியாக அளவைச் சங்கிலியான செயினையும் பென்சிலையும் பிடித்தன. இந்தியத் தொழில்நுட்பக் கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் திண்ணையை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் போவது எனக்கு வருத்தம்.

டாப்பிங் தன் பள்ளி வளர்வதைப் பார்க்கவில்லை. 1796 தொடக்கத்தில் மசூலிப்பட்டணத்தில் காய்ச்சலில் இறந்தார். வான்காணகத்தோடு பள்ளியும் ஜான் கோல்டிங்ஹாம் பொறுப்புக்கு வந்தது. சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தவர் அவர்தான். பள்ளியில் படித்த பையன்கள் அளவைக் குழுக்களுக்கு உதவியாளர்களாகப் போனார்கள். காலின் மெக்கன்சி மைசூரை அளக்கப் போனபோது அவரோடு இந்தப் பள்ளிப் பையன்களும் போனார்கள்.

இதே 1794-ல் பாரிஸில் புரட்சி அரசு பொறியாளர்களை உருவாக்க ஒரு பள்ளி தொடங்கியது. பின்னாளில் எக்கோல் பாலிடெக்னிக் என்று உலகப் புகழ் பெற்றது. பூமியின் சுற்றளவை அளந்து மீட்டரின் நீளத்தை முடிவு செய்யும் வேலையும் அப்போது பிரான்ஸில் நடந்துகொண்டிருந்தது. சென்னைப் பள்ளியின் நோக்கம் அவ்வளவு பெரிதல்ல, வரிக்கணக்குதான். ஆனால் எட்டே ஆண்டில் அந்தப் பையன்களில் ஒருவன் பூமியின் வடிவத்தையே அளக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

அந்த வேலையை நடத்திய வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து, வெயிலில் எஃகு நீள்வதைக் கணக்கில் சேர்க்க வெப்பமானிகளை வைத்து, ஏறக்குறைய நானூறு தடவை எடுத்து எடுத்து வைத்தார்கள். பஸ்ஸில் கால் மணியில் கடந்துவிடும் தூரத்துக்குச் சித்திரை வெயிலில் வாரக் கணக்கில் வேலை. காரணம் இருந்தது. இந்த ஒரு கோட்டின் நீளம் சரியாக இருந்தால், அதற்குப் பிறகு கோணங்களை மட்டும் அளந்தே முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு நாடு முழுக்கப் போகலாம். கோட்டில் பிழை இருந்தால் அந்தப் பிழையும் கூடவே வரும். லாம்டனின் முதல் முக்கோணங்கள் சென்னையிலிருந்து தெற்கே தென்னார்க்காட்டுக்குத்தான் வந்தன. அவர் முதலில் கணக்கிட்ட தீர்க்கரேகை வில்லின் தென்முனை கடலூருக்கு அருகே திருவந்திபுரம். கள்ளக்குறிச்சி முன்பு சேர்ந்திருந்த அதே தென்னார்க்காடு மாவட்டம்.

லாம்டனோடு சேர்ந்த உதவியாளர்களில் ஒருவர் ஜோஷ்வா டி பென்னிங், சென்னை அளவைப் பள்ளியின் மாணவர். இருபது வருஷத்துக்கு மேல் லாம்டனோடு காட்டிலும் மேட்டிலும் அலைந்தார். 1823-ல் லாம்டன் ஹிங்கன்காட்டில் இறந்தார். பென்னிங் பின்னாளில் கல்கத்தாவில் அளவைத் துறையின் தலைமைக் கணிப்பாளரானார். பின்னாளில் எவரெஸ்ட் எனப் பெயர் பெற்ற இமயத்தின் பதினைந்தாம் சிகரத்தின் உயரத்தைக் கணித்த ராதாநாத் சிக்தார் வந்த துறையும் அதுவே.

நில அளவையின் முதல் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் விதி ஒன்று உண்டு: முழுமையிலிருந்து பகுதிக்குப் போ. முதலில் பெரிய முக்கோணங்களைத் துல்லியமாக அமைத்துக்கொள்; பிறகு அதற்குள் சிறிய அளவுகளைப் பொருத்து. சிறியதிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு வயலின் பிழையும் சேர்ந்து சேர்ந்து, ஊர் முடியும்போது எல்லை வேறெங்கோ போய் நிற்கும். பரீட்சைக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்து மறந்துவிடும் வாக்கியம் இது. இதன் பின்னால் பரங்கிமலை வெயில் இருக்கிறது.

பள்ளி அடுத்தடுத்த மாற்றங்களைக் கண்டது. 1850-களின் இறுதியில் சிவில் பொறியியல் கல்லூரியாக உயர்ந்தது. 1920-ல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமானது. கிண்டி பொறியியல் கல்லூரி என்று நாம் அறிந்த அந்தக் கல்லூரியின் பிறப்புச் சான்றிதழில் இருப்பது நில அளவைதான். பாலமும் கட்டடமும் இயந்திரமும் பிறகு வந்தவை. புகழ்பெற்ற ரூர்க்கி கல்லூரிகூட 1847-ல்தான் பிறந்தது.

1858-ல் மதராஸ் மாகாணத்தில் நில அளவைக்குத் தனித் துறை வந்தது. புலம் புலமாக அளந்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார்கள். அப்போது கையில் இருந்தது கண்டர் செயின். எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1620-ல் வகுத்தது. நீளம் 66 அடி, நூறு லிங்க். அறுபத்தாறு என்ற எண் விசித்திரமாகத் தோன்றும். பத்துச் சதுரச் செயின் ஓர் ஏக்கர் வரும்படி அவர் அமைத்திருந்தார். அப்படியானால் ஓர் ஏக்கருக்கு ஒரு லட்சம் சதுர லிங்க். அதில் நூறில் ஒரு பங்கான சென்டுக்கு ஆயிரம் சதுர லிங்க். மனை வாங்கும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் 435.6 சதுர அடி என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

பழைய புலப்படம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அளந்த விதம் புரியும். நான்கு மூலை வயல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே ஒரு கோடு. வயல் இரண்டு முக்கோணமாகிவிடும். அந்தக் கோட்டின் மேல் செயினை ஓட்டிக்கொண்டே போய், மற்ற இரண்டு மூலைகளுக்கும் நேர்செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளந்து குறிப்பார்கள். குறுக்குக் கோடு 300 லிங்க், பக்கவாட்டில் ஒரு புறம் 110, மறுபுறம் 90 என்றால், இரண்டையும் கூட்டி 200. 300-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 30,000 சதுர லிங்க். கடைசி மூன்று சுழியை விட்டுவிட்டால் 30 சென்ட். வரப்பில் நின்றபடி மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். கோணம் அளக்கும் கருவிகூட வேண்டாம். எல்லைக்கல் ஒன்று காணாமல் போனாலும், படத்தில் உள்ள எண்களை வைத்து அதே இடத்தில் மறுபடி நடலாம். நூறாண்டு கழித்தும் பேரனுக்குப் பயன்படும் ஆவணம் இது. இவ்வளவு எளிய கருவியைக் கொண்டு இவ்வளவு நீண்ட காலம் நிற்கும் வேலையைச் செய்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அப்படியானால் கல்வராயன் மட்டும் ஏன் விடுபட்டது? மலை உயரம், பாதை இல்லை, மலைக்காய்ச்சல் என்று காரணங்கள் சொல்லலாம். முக்கியமான காரணம் வரி. ரயத்துவாரி நிலத்தில் அரசு உழவனிடம் நேரடியாக வரி வாங்கியது. அதனால் அவன் வயலின் நீள அகலம் அரசுக்குத் தெரிந்தாக வேண்டும். ஜமீனிலும் ஜாகிரிலும் நடுவே ஒருவர் நின்று வசூலித்தார். அவரிடம் வருவது வந்தால் போதும். உள்ளே யார் எவ்வளவு உழுகிறார் என்பது அரசின் கவலை அல்ல. ஆகவே அங்கே புல அளவை போகவில்லை. நிலப்படத் துறையின் தாள்களில் மலையின் உயரக் கோடுகளும் ஓடைகளும் ஏறின. சின்ன கல்வராயன், பெரிய கல்வராயன் என்ற இரு பகுதிகளும், கோமுகியும் மணிமுத்தாவும் பிறக்கும் சரிவுகளும் படத்தில் வந்தன. அந்தச் சரிவுகளில் உழுத மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் வயல் எந்தத் தாளிலும் வரவில்லை. நிலத்தின் வடிவத்தைக் காட்டும் அளவை ஒன்று. நிலத்துக்கு உரியவரைக் காட்டும் அளவை இன்னொன்று. மலைக்கு முதலாவது சீக்கிரம் கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை. படிப்பு எவ்வளவு நுட்பமானது என்றாலும் செயின் எங்கே போக வேண்டும் என்பதை வரிதான் தீர்மானித்தது.

மலை நிலத்தை அளப்பதில் தனிச் சிரமம் ஒன்றும் உண்டு. ஆவணத்தில் எழுதும் பரப்பு சரிவின் மேல் அளந்ததல்ல, சமதளத்தில் விழும் பரப்பு. இருபது பாகைச் சரிவில் காலால் நூறு மீட்டர் நடந்தால் கணக்கில் 94 மீட்டர்தான். கொத்தி விதைத்த ஓர் ஏக்கர் சரிவு, ஏட்டில் 94 சென்டாகிவிடும். அளக்க வந்தவர் இதை முதலிலேயே விளக்கிச் சொல்லாவிட்டால், ஆறு சென்டைத் தின்றுவிட்டார் என்றுதான் ஊர் நினைக்கும். செயின் காலத்தில் இதற்குப் படிப்படியாக இறங்குவார்கள். மேல்முனையைத் தரையில் வைத்து, கீழ்முனையை இடுப்பளவோ தலையளவோ தூக்கிச் செயினை மட்டமாகப் பிடிப்பார்கள். அந்த முனையிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிடுவார்கள். குண்டு தொடும் இடத்தில் ஆணி. அங்கிருந்து அடுத்த படி. சரிவு அதிகமானால் முழுச் செயினைப் பிடிக்க முடியாது. இருபது இருபது லிங்காகத்தான் இறங்கலாம். பிடிப்பவரின் கை கொஞ்சம் தளர்ந்தாலும் பிழை. இன்று டோட்டல் ஸ்டேஷன் ஒளிக்கற்றையை அனுப்பிச் சரிவுத் தூரத்தையும் கோணத்தையும் ஒரே நொடியில் அளந்து, சமதளத் தூரத்தைத் திரையில் காட்டிவிடுகிறது. செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்லும் ஜிஎன்எஸ்எஸ் கருவிக்கு எதிர்முனையில் ஆள் நிற்கவே தேவையில்லை. ஆனால் வானத்தில் நான்கு செயற்கைக்கோளாவது தெளிவாகத் தெரிய வேண்டும். கல்வராயனின் அடர்ந்த மரநிழலிலும் குறுகிய ஓடைப் பள்ளங்களிலும் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வந்து இடத்தைப் பிசகச் செய்யும். அங்கே மறுபடி டோட்டல் ஸ்டேஷனும், சில இடங்களில் நாடாவும்தான் கைகொடுக்கும். அதனால்தான் செயின் அளவையைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கிவிடலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு உடன்பாடில்லை. பிழை எங்கே பிறக்கிறது என்று கை உணர வேண்டும்.

மலைக்கு இப்போது இந்தப் படிப்பு முன்னெப்போதையும் விட அவசியம். 2006-ன் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் உழுதுவரும் பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேருக்கு மிகாமல் உரிமை கேட்கலாம். விண்ணப்பத்தை வாங்கி, இடத்தைப் பார்த்து, எல்லையை முதலில் சரிபார்ப்பது கிராம சபையும் அதன் வன உரிமைக் குழுவும். ஊரின் பொது வனத்துக்கும் சமூக உரிமை கேட்கலாம்; அதற்கு ஊர் எல்லையைக் காட்டும் படம் வேண்டும். ஆக, வரைபடத்தைத் தொடங்கிவைக்கும் அதிகாரம் சட்டப்படி ஊரார் கையில் இருக்கிறது. அதற்கான கருவியும் கணக்கும் பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை.

பொறியியல் கல்லூரிகளில் சிவில் மாணவர்களுக்கு சர்வே கேம்ப் என்று ஒன்று உண்டு. இரண்டு வாரம் வெளியூரில் தங்கி முக்கோண அளவையும் சமமட்டமும் உயரக் கோடும் போட்டுப் பழகுவார்கள். வரைந்த படங்கள் மதிப்பெண் வாங்கியதும் கல்லூரி அலமாரிக்குள் போய்விடும். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வெள்ளிமலையிலேயே தாலுகா ஆபீஸ் இருக்கிறது. கேம்ப்பை அங்கே நடத்தலாம். வன உரிமைக் குழுவின் சம்மதத்தோடு, எல்லை தெரிந்த பெரியவர்கள் முன்னே நடக்க, மாணவர்கள் பின்னால் கருவியோடு போகலாம். எது ஓடை, எது பழைய களம், எந்தப் பாறையோடு ஊர் முடிகிறது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்லப் புள்ளி எடுக்கலாம். ஊரில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூடவே வைத்துக்கொண்டு, கருவியை நிறுத்தவும் மட்டம் பார்க்கவும் பழக்கலாம். மாணவர்களின் படம் பட்டா ஆகாது; ஆனால் அளவும் ஆயத்தொலைவும் தமிழில் எழுதிய ஒரு படி கிராம சபையில் இருந்தால், நாளைக்குத் துறை ஆட்கள் அளக்க வரும்போது ஒப்பிட்டுப் பார்த்துக் கேள்வி கேட்க ஊராரிடம் ஓர் ஆவணம் இருக்கும். இன்னொரு படியைத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் சீட்டும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.